முறுக்கு மாலையில் ஒரு மோதிரம்

"ஓஓஓஓஓ" என்று மைதானம் முழுவதும் ஊளையிட்டது. நானும் இரண்டு கைகளையும் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் பங்குக்கு ஊளையிட்டேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் பியர் திருவிழாவில் எங்காவது கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டால் ஊளையிட்டே ஆகவேண்டும். உடைத்தவன் யார், எங்கே நிற்கிறான் என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. தேவாலயத்தில் ஆமென் சொல்ல எவனாவது யோசிக்கிறானா? அது மாதிரிதான்.

"முடிஞ்சுதா?" என்றார் என் பாஸ் ஆர்வில் ப்ராக்னோ.

"இன்னும் கொஞ்சம் மூச்சு பாக்கி இருக்கு பாஸ்."

"நாப்பது வயசுல உனக்கு இது தேவையா?"

"முப்பத்தெட்டு. நீங்களும் ஒரு தடவை கத்திப் பாருங்க. நெஞ்சுச் சளி இறங்கும்."

பாஸ் ஆறரை அடி உயரம். இந்த மாவட்டத்தின் ஒரே தனியார் துப்பறிவாளர். சீஸ் கடை வாசலில் நின்ற கான்கிரீட் பசுவைக் கடத்திய கும்பலைப் பிடித்துக் கொடுத்த நாள்முதல் அவர் பெயர் நாலு ஊருக்குப் பரவிவிட்டது. ஒரே குறை, பியர் குடிக்கமாட்டார். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் அது குற்றமில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் காரணம் சொல்லவேண்டியிருக்கும். இன்றைக்கு அவர் மணிக்கட்டில் வெள்ளைப் பட்டை. குடித்தவர்களை வீட்டுக்கு ஓட்டிப்போகிறவர் என்று அர்த்தம். வெள்ளைப் பட்டைக்காரர்களுக்கு சோடா இலவசம், அனுதாபமும் இலவசம். நான் ஆரஞ்சுப் பட்டை, குடிக்கிற கட்சி. பெயர் ஷெங் லோர். பாஸின் உதவியாளர், அவருடைய கார் கண்ணாடியைத் துடைப்பவள், அவர் சொல்ல மறந்த நன்றியை எல்லாம் வாடிக்கையாளர்களிடம் போய்ச் சொல்பவள்.

விழா, க்ரோகன் ஃபால்ஸ் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு ஒரு மீட்புப் படகு வாங்குவதற்காக. ஒவ்வொரு மார்ச்சிலும் ஏரிப் பனி உருகுகிறது, உருகுகிறது என்று ஊரே தொண்டை கிழியக் கத்தும். எவனாவது ஒருவன் "எனக்குத் தெரியாதா" என்று தன் பிக்கப் வண்டியைப் பனிமேல் ஓட்டிப்போவான். அவனை இழுத்துவர ஒரு படகு வேண்டும். ஆக, வருங்காலத்தில் மூழ்கப்போகிற முட்டாள்கள் அத்தனை பேரும் பேஸ்பால் மைதானத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, தங்களைக் காப்பாற்றப்போகும் படகுக்காகக் குடித்துக்கொண்டிருந்தோம். முப்பது கடைகள், முப்பது வகைத் தாடிகள், மேடையில் ஒரு போல்கா இசைக்குழு.

கூட்டத்தை இரண்டு முழங்கைகளாலும் பிளந்துகொண்டு ரோசான் குபியாக் வந்தாள். தீயணைப்புப் படையின் கேப்டன். எரிகிற கூரைக்குள் நுழையும்போதுகூட முகம் மாறாதவள். இப்போது முகம் வெளுத்திருந்தது.

"ஆர்வில், ஒரு நிமிஷம். என் கழுத்தைப் பாருங்க."

"நல்லாத்தான் இருக்கு" என்றேன் நான்.

"வெறுமையா இருக்கு ஷெங்."

உண்மைதான். பாஸையும் கடைக்காரர்களையும் தவிர்த்தால், அந்த மைதானத்தில் முறுக்கு மாலை இல்லாத ஒரே கழுத்து அவளுடையது. ப்ரெட்ஸெல் என்கிற உப்பு முறுக்கை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவதுதான் எங்கள் பியர் திருவிழா மரியாதை. ஒரு பியருக்கும் அடுத்த பியருக்கும் நடுவே குனிந்து ஒன்றைக் கடித்துக்கொண்டால் நாக்கு சுத்தமாகிவிடும், கைக்கும் வேலையில்லை. வங்கி மேலாளரும் மாட்டிக்கொள்வார், பாதிரியாரும் மாட்டிக்கொள்வார். என் மாலையில் நடுநடுவே இறைச்சிக் குச்சியும் சீஸ் துண்டும் கோத்திருந்தேன். கடைக்காரர்கள் மட்டும் மாட்டுவதில்லை. குழாய்மேல் குனியும்போது உப்பு பியரில் விழுந்துவிடும்.

"முறுக்கு மாலையைக் காணோமா? இந்தா, என்னுதுல பாதி எடுத்துக்கோ."

"அதுல மோதிரம் இருந்துச்சு ஷெங்."

பாஸ் சோடாவைக் கீழே வைத்தார். "யாருக்கு மோதிரம்?"

"லைலுக்கு. வேற யாருக்கு?"

லைல் ஆமுண்ட்சன் மூன்றாவது வரிசையில் பியர் ஊற்றிக்கொண்டிருந்தான். நார்வேக்கார வம்சம். பதினோரு வருடமாக ரோசானோடு வாழ்கிறான். இத்தனை காலத்தில் அவன் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டையில் இடம் மிஞ்சும். ஆனால் அவன் காய்ச்சுகிற பியர் அவ்வளவு நன்றாக இருக்கும். அதுதான் இப்போது வினையாகிவிட்டது. நாட்டின் மறுகோடியில், ஒரேகானில் ஒரு பெரிய மதுவாலை அவனைத் தலைமைக் காய்ச்சுநராக வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.

"திங்கக்கிழமை அவங்களுக்கு பதில் சொல்லணும்" என்றாள் ரோசான். "போறியான்னு கேட்டா 'பாக்கலாம்'ங்கறான். இருக்கியான்னு கேட்டாலும் 'பாக்கலாம்'ங்கறான். எனக்குத் தூக்கம் போச்சு. அதான் இன்னிக்கு மேடையில வச்சே கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டுடலாம்னு இருந்தேன்."

"மாலை எதுக்கு?"

"விழா முடிவுல பரிசுக் குலுக்கல் நான்தான் நடத்தறேன். அது முடிஞ்சதும் அவனைக் கூப்பிட்டு என் மாலையை அவன் கழுத்துல போடுவேன். சாப்பிடுன்னு சொல்வேன். மோதிரம் பின்னாடி முடிச்சுப் பக்கத்துல இருக்கு. மொத்த மாலையையும் சாப்பிட்டாத்தான் வரும்."

"மொத்தமுமா? நேரா மோதிரத்தை நீட்டினா ஆகாதா?" என்றேன்.

"அது என் விஷயம். அவன் தூங்கும்போது விரல்ல நூலைச் சுத்தி அளவெடுத்துப் பண்ணின மோதிரம் அது. வேற எவன் விரலுக்கும் ஆகாது."

"இந்தத் திட்டம் யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் பாஸ்.

"யாருக்கும் தெரியாது. எனக்கு, எங்க அக்காவுக்கு, அக்கார்டியன் வாசிக்கறவருக்கு."

அதாவது மாவட்டம் முழுக்கத் தெரியும். என் தபால்காரர் என்னிடம் சொல்லியே ஒரு வாரம் ஆகிறது.

ரோசான் சாசேஜ் கடை வரிசையில் நின்றிருக்கிறாள். கண்ணாடி உடைந்த சத்தம். எல்லோரையும்போல் கண்ணை மூடி, கையைத் தூக்கி ஊளையிட்டிருக்கிறாள். கையைக் கீழே இறக்கினால் கழுத்தில் மாலை இல்லை.

"யாரும் இழுக்கலை. நூல் அறுந்திருந்தா முறுக்கு கீழ விழுந்திருக்கும். தரையில ஒண்ணுகூட இல்லை." அவள் குரல் தேய்ந்தது. "கடைசி பியர் ஊத்தறதுக்கு சைரன் அடிச்சதும் நான் மேடைக்குப் போகணும். இன்னிக்கு விட்டா அப்புறம் கேக்க எனக்கு தைரியம் வராது, ஆர்வில்."

பாஸ் ஆயிரத்தைந்நூறு தலைகளுக்கு மேலே தன் தலையை நீட்டி ஒரு சுற்று பார்த்தார்.

"திருடின முறுக்கு மாலையை ஒளிச்சு வைக்க இந்த மைதானத்துல பத்திரமான இடம் எது, ஷெங்?"

"வயிறு."

"கழுத்து. எல்லார் கழுத்துலயும் மாலை இருக்கு. எவன் கவனிப்பான்? ஆனா திருடன் அதைக் கடிக்க மாட்டான். கடிச்சா மோதிரம் வெளிய வந்துடும். விழா முடியப்போகுது. இந்நேரத்துக்கு எல்லார் மாலையும் பாதி தீர்ந்திருக்கும். எவன் மாலை முழுசா இருக்கோ, அவன்தான் நம்ம ஆளு."

இதற்காகத்தான் நான் இவரிடம் வேலை பார்க்கிறேன். ரோசானைச் சைரன் பக்கம் அனுப்பிவிட்டு நாங்கள் கூட்டத்துக்குள் இறங்கினோம். பாஸ் மேலிருந்து கழுத்துகளைப் பார்ப்பார், நான் கீழிருந்து பார்ப்பேன். கிணற்றில் விழுந்த வாளியை இரண்டு பேர் தேடுகிற மாதிரி.

முதல் முழு மாலை லூதரன் பாதிரியாருடையது. "ஏன் பாஸ்டர் ஒண்ணுகூட சாப்பிடலை?" என்று கேட்டேன்.

"இது ரெண்டாவது மாலைம்மா" என்றார் அவர், சிவந்த மூக்கோடு. "முதலாவது தீர்ந்துடுச்சு. படகுக்காகத்தானே குடிக்கிறோம்."

இரண்டாவது முழு மாலை டோரிஸ் என்ற கிழவியுடையது. முடிச்சைத் தடவிப் பார்க்க பாஸ் பிடரியில் கைவைத்ததும் அவள் கைப்பையால் அவர் முழங்கையில் ஒன்று வைத்தாள். அது முறுக்கே இல்லை. நாய் பிஸ்கட். வீட்டில் இருக்கிற நாய்க்குக் கொண்டுபோவதற்காகக் கோத்தாளாம்.

"பக்கத்துல நின்னவன் மூணு பிச்சுத் தின்னுட்டான். நல்லா இருக்கு, எந்தக் கடைன்னு வேற கேக்கறான்."

"அவனுக்கு என்ன பதில் சொன்னீங்க?"

"உக்காருன்னு சொன்னேன். உக்காந்துட்டான்."

மூன்றாவது முழு மாலையைப் பார்த்ததும் எனக்கே புல்லரித்தது. வெர்லின் ஸாஸ்ட்ரோ. பியர்ப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவன். எந்த பியரைக் கொடுத்தாலும் மூக்கை உள்ளே விட்டு, "ஈரமான குதிரைப் போர்வை, பின்னால் லேசாக வைக்கோல்" என்பான். அதைப் பாராட்டாகச் சொல்வான். அதுதான் எனக்குப் பொறுக்காது. அவன் மாலையில் ஒரு முறுக்குகூடக் குறையவில்லை. எங்களைக் கண்டதும் அவன் கொஞ்சம் பின்வாங்கினான்.

"ஓடறான் பாஸ்."

ஓடவெல்லாம் முடியாது. அந்த நெரிசலில் யாராலும் ஓட முடியாது. அவன் நாலு பேரை "மன்னிக்கணும்" சொல்லிக் கடந்தான், நாங்கள் அதே நாலு பேரை "மன்னிக்கணும்" சொல்லிக் கடந்தோம். நடுவில் ஒருத்தி என் கோப்பையை நிரப்பினாள், வாங்கிக்கொண்டேன். அவன் கழிவறை வரிசையில் போய் நின்றான். நாங்களும் வரிசையில் நின்றோம், அவனுக்கு இரண்டு பேர் தள்ளி. துரத்தல் அப்படியே கால் மாற்றி நின்றுகொண்டிருந்தது.

"வெர்லின், மாலையைக் கழட்டு" என்றார் பாஸ், அந்த இரண்டு பேர் தலைக்கு மேலே.

"எதுக்கு?"

"ஒரு முறுக்குகூடச் சாப்பிடலையே, அதுக்கு."

"உப்பு நாக்கைக் கெடுத்துடும். இது அலங்காரத்துக்குப் போட்டது." நெஞ்சை நிமிர்த்தினான். "எனக்குன்னு ஒரு பேரு இருக்கு."

நான் அவன் கையிலிருந்த கோப்பையை முகர்ந்தேன். "இது எந்த பியர்?"

அவன் ஒரு மிடறு குடித்து, கண்ணை மூடினான். "சிக்கலான விஷயம். ஒரே சமயத்துல பல கை சேர்ந்து செஞ்ச மாதிரி. நடுவுல பழைய துணி. முடிவுல ஒரு சோகம்."

"அது மிச்சத்தைக் கொட்டற வாளியிலேர்ந்து எடுத்தது வெர்லின். நீ மொண்டதை நான் பார்த்தேன்."

வரிசையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வெர்லின் பேசாமல் மாலையைக் கழற்றிக் கொடுத்தான். முடிச்சுவரை தடவினேன். மோதிரம் இல்லை.

"அப்புறம் ஏன் எங்களைப் பார்த்து நகர்ந்தே?" என்றேன்.

"நான் எங்க நகர்ந்தேன்? நொண்டிக்கிட்டே வந்தேன். சாசேஜ் கடைகிட்ட எவனோ கண்ணாடியை உடைச்சான், சில்லு என் செருப்புக்குள்ள வந்துடுச்சு. இங்க வந்து கழுவலாம்னு பார்த்தா நீங்க மாலையை உருவறீங்க." செருப்பைக் கழற்றி, நகத்தளவு கண்ணாடிச் சில்லு ஒன்றைப் பாஸின் உள்ளங்கையில் வைத்தான்.

பாஸ் அதைப் பார்த்தார். பிறகு வெர்லினின் கோப்பையைப் பார்த்தார். பிறகு என் கோப்பையைப் பிடுங்கித் தரையில் ஓங்கி அடித்தார். பியர் என் காலில் தெறித்தது. கோப்பை துள்ளி உருண்டது.

"பாஸ், அதுல நல்ல பியர் இருந்துச்சு."

"உடைஞ்சுதா?"

"எப்படி உடையும்? பிளாஸ்டிக்." சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. போன வருடம் விழாக்குழுத் தலைவரே சில்லை மிதித்துக் கால் தைத்துக்கொண்டதால் இந்த வருடம் வாசலில் எல்லோருக்கும் பிளாஸ்டிக் கோப்பைதான். நானே காலையில் அரைமணி நேரம் அதைத் திட்டினேன்.

"கூட்டத்துல ஒருத்தன் கையிலயும் கண்ணாடி இல்லை" என்றார் பாஸ். "அப்ப உடைஞ்சது என்ன? நீங்க ஆயிரத்தைந்நூறு பேரும் அதை யோசிக்காம ஊளை விட்டீங்க."

"பழக்க தோஷம் பாஸ்."

"அதைத்தான் அவன் நம்பினான். கண்ணாடி உடைஞ்சா எல்லாரும் கண்ணை மூடுவாங்க, கையைத் தூக்குவாங்க, கழுத்தைக் காலியா காட்டுவாங்க. இந்த மைதானத்துல கண்ணாடிக் கோப்பை யார்கிட்ட இருக்கும்?"

"கடைக்காரங்ககிட்ட மட்டும்தான். பியரோட நிறம் பார்க்க ஆளுக்கு ஒண்ணு சொந்தமா வச்சிருப்பாங்க." நான் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தேன். "முப்பது கடை இருக்கு பாஸ்."

"ரோசானைக் கூப்பிடு."

சைரன் வண்டியின் பக்கத்தில் அவளைப் பிடித்தோம். பாஸ் என் மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டார். "கண்ணை மூடி, கையைத் தூக்கிக் கத்து ரோசான். ஷெங், நீ பின்னாடியிருந்து மாலையை எடு. அவளுக்குத் தெரியக்கூடாது."

அவள் பின்னல் இடுப்புவரை தொங்கும். கோடை விருந்தில் ஒருத்தன் விளையாட்டாக அதை இழுத்து, சட்டையோடு ஏரிக்குள் போனது ஊருக்கே தெரியும். நான் பூப்பறிக்கிற மாதிரி நூலைத் தூக்கினேன். நூல் பின்னலைத் தொட்டதுதான் தாமதம், அவள் முழங்கை என் விலாவில் இறங்கியது. நான் புல்லில் உட்கார்ந்தேன்.

"மன்னிச்சுக்கோ ஷெங். தானா வந்துடுச்சு."

"பரவால்ல. விலா எலும்பு இன்னும் நிறைய இருக்கு."

பாஸ் தாழ்ந்த குரலில் கேட்டார். "உன் பின்னலை யார் தொட்டா உனக்கு உறைக்காது, ரோசான்?"

அவள் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தோள்பட்டை முறிஞ்ச வருஷம் தலைவார முடியலை" என்றாள். "லைல்தான் பின்னி விட்டான். தோள் சரியான அப்புறமும் அவன் நிறுத்தலை. இன்னிக்குக் காலையிலகூட அவன் பின்னினதுதான் இது." பின்னல் நுனியைப் பிடித்துப் பார்த்தாள். "அப்ப அவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு. கேக்கக்கூட வேண்டாம்னு எடுத்துட்டான். அதான் பதில், இல்லையா?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துப்பு துலங்கினால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்று எவன் சொன்னானோ அவனைத் தேடிப் பிடித்து உதைக்கவேண்டும்.

மூன்றாவது வரிசையில் லைல் ஒரு பிளாஸ்டிக் கோப்பையை வெயிலுக்கு எதிரே பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கண்ணாடிக் கோப்பை வைக்கிற இடம் காலி. பாஸ் சில்லை அவன் முன்னால் மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான். லைலின் காது இரண்டும் பழுத்த தக்காளியாகிவிட்டது. பேசாமல் கடைக்குப் பின்னாலிருந்த குளிர்பெட்டி லாரியின் கதவைத் திறந்தான்.

உள்ளே பீப்பாய்களுக்கு நடுவே கொக்கியில் மாலை தொங்கியது. ஒரு முறுக்குகூடக் குறையவில்லை. பாஸின் கணக்கில் அது மட்டும் சரி.

"ஏன்டா?" என்றாள் ரோசான். அவள் மூச்சு புகையாக வந்தது.

லைல் பூட்ஸைப் பார்த்தான். பீப்பாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான், நான் என்னமோ எழுதிக்கொடுப்பேன் என்கிற மாதிரி.

"அக்கார்டியன்காரர் வந்து, உனக்கு எந்தப் பாட்டு வாசிக்கட்டும்னு கேட்டார்" என்றான். பிறகு, பெரும்பாடுபட்டு, "மேடை. மைக். அத்தனை பேர். நீ கேப்ப. நான் பேசணும். எனக்கு வராது ரோஸ். வாயே திறக்காது. நான் மரம் மாதிரி நிப்பேன். எல்லாரும் நான் மாட்டேன்னு சொல்றேன்னு நினைப்பாங்க. நீயும் நினைப்ப." மூச்சு வாங்கினான். அவன் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. "ராத்திரி வீட்டுல மாலையைக் குடுத்துடலாம்னுதான்."

"பதினோரு வருஷம்" என்றாள் ரோசான். "உனக்குப் பேச வராதுன்னு எனக்குத் தெரியாதா லைல்? நாப்பது முறுக்கை உக்காந்து எதுக்குக் கோத்தேன்னு நினைச்சே? நேரா மோதிரத்தை நீட்டியிருக்க மாட்டேனா?"

அவன் விழித்தான். நானும்தான்.

"வாய் நிறைய முறுக்கு இருந்தா யாரும் உன்னைப் பேசச் சொல்ல மாட்டாங்கடா. தலையை ஆட்டினாப் போதும். அதுக்குத்தான் மோதிரத்தைக் கடைசியில வச்சேன்."

பாஸ் தொப்பியைக் கழற்றினார். ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நான் குலுக்கலை முடிச்சுட்டு வீட்டுக்குப் போறேன்" என்றாள் அவள். "ஒரேகான்காரங்களுக்கு உன் இஷ்டப்படி சொல்லிக்கோ. நீ திருடிட்டுப் போன கேள்வியை நான் திரும்பக் கேக்க மாட்டேன்." இறங்கிப் போய்விட்டாள். மாலை கொக்கியிலேயே இருந்தது.

"லைல்" என்றேன். "நான் ரொம்ப நல்லவளா இருந்தா இப்ப ஏதாவது ஆறுதல் சொல்வேன். நீ ஒரு மடையன்."

"ஆமா" என்றான் அவன்.

சைரன் அலறியது. கடைசி பியர் ஊற்றும் நேரம். கூட்டம் கோப்பையை நீட்டிக்கொண்டு கடைகள்மேல் விழுந்தது. நாங்கள் மேடையோரம் வந்து சேர்வதற்குள் ரோசான் மைக்கைப் பிடித்திருந்தாள். குலுக்கல் பரிசு அரை மாடு, வெட்டி, பொட்டலம் கட்டி, உறையவைத்தது. அவள் குரலில் ஒரு பிசிறும் இல்லை. டோரிஸ் கிழவிக்கு மாடு விழுந்தது. நாய்க்கு நல்ல காலம்.

"அவ்வளவுதான். படகுக்காக வந்த எல்லாருக்கும் நன்றி" என்றாள் ரோசான். ஊருக்கே விஷயம் தெரியுமாதலால் யாரும் நகரவில்லை. அக்கார்டியன்காரர் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

அப்போது மேடைப் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

லைல் ஏறி வந்தான். கழுத்தில் மாலை. காது மட்டுமில்லை, கழுத்துவரை சிவப்பு. மேடை நடுவில் வந்து நின்று, ஆயிரத்தைந்நூறு பேரைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டான். யாரோ மைக்கை நீட்டினார்கள். அவன் வாங்கவில்லை. குனிந்து முதல் முறுக்கைக் கடித்தான்.

பிறகு இரண்டாவது. மூன்றாவது. மென்று விழுங்க நேரம் தராமல், மாலையைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டே கடித்தான். கன்னம் இரண்டும் உப்பின. தாடியெல்லாம் உப்பும் தூளும். ஒருத்தன் எச்சில் இல்லாமல் நாற்பது உப்பு முறுக்கு தின்பதை அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பாதியில் அவனுக்கு விக்கியது. பாதிரியார் தன் கோப்பையை நீட்டினார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டான்.

"அவன் செத்துடப் போறான் பாஸ்" என்றேன்.

"பேசாம இரு" என்றார் பாஸ். அவர் தாடை அவனோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது.

கடைசி முறுக்கும் போயிற்று. வெறும் நூலில் மோதிரம் மட்டும் வழுக்கிவந்து அவன் நெஞ்சில் நின்றது. வாய் மூட முடியாமல், கண்ணில் தண்ணீரோடு, அவன் ரோசானைப் பார்த்தான்.

திரும்பக் கேட்கமாட்டேன் என்றவள் மைக்கைக் கீழே வைத்தாள். கிட்டே போய், அவன் தாடியிலிருந்த தூளைத் தட்டிவிட்டு, அவன் காதருகே ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று எங்கள் யாருக்கும் விழவில்லை. விழவேண்டிய அவசியமும் இல்லை.

லைல் தலையை ஆட்டினான். ஒரு தடவை ஆட்டினால் போதும். அவன் நிறுத்தவே இல்லை.